உடலின் காவலரைக் கண்டவர்: இலியா மெச்னிகோவ்

நுழையும் முன்

காலில் முள் தைக்கிறது. சிறிது நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது; வீங்குகிறது; தொட்டால் சுடுகிறது; வலிக்கிறது. இரண்டொரு நாளில் சீழ் கட்டுவதும் உண்டு. இவை நோயின் அடையாளங்களா? அல்லது நோயை எதிர்த்து உடல் நடத்தும் போரின் அடையாளங்களா? நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவர் பலர் இவற்றை நோயின் கேடுகள் என்றே கருதினர். அக்கருத்தை மாற்றியவர் ஒரு மருத்துவர் அல்லர். கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த விலங்கியல் அறிஞர். அவருடைய வாழ்க்கையைக் கூறுவது இப்பாடம்.

பாதரசம் போன்ற சிறுவன்

இலியா மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு மே மாதத்தில், கார்கீவ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த அப்பகுதி இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. தந்தை பேரரசரின் காவற்படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். தாய் எமிலியா பிள்ளைகளின் கல்வியில் மிகுந்த அக்கறை கொண்டவர். ஐந்து பிள்ளைகளுள் இலியாவே கடைக்குட்டி. ஓரிடத்தில் அமராமல் ஓடிக்கொண்டே இருந்தமையால் வீட்டார் அவரைப் பாதரசம் என்று செல்லப்பெயரிட்டு அழைத்தனர்.

அண்ணனுக்குப் பாடம் சொல்லித்தர வந்த மாணவர் ஒருவர் செடிகொடிகளைப் பற்றிப் பேசுவதுண்டு. அண்ணனைக் காட்டிலும் தம்பியே அதனை ஆவலுடன் கேட்டான். எட்டு வயதளவில் அவன் தானே ஓர் ஆசிரியன் ஆனான். தான் கற்ற இயற்கைச் செய்திகளை உடன்பிறந்தோருக்கும் தோழர்களுக்கும் விளக்கினான். விளையாட்டை விட்டுவிட்டுப் பாடம் கேட்க யார் வருவார்? ஆகவே, கேட்க வந்தவர்களுக்குத் தன் கைச்செலவுக் காசையே கொடுத்தான்.

வளர்ந்தபின் மருத்துவம் பயில விரும்பினார் இலியா. பிறர் துன்பத்தைக் கண்டு தாங்கும் மனவலிமை மகனுக்கு இல்லை என்று தாய் எண்ணினார். எனவே அவர் இயற்கை அறிவியலைத் தேர்ந்தெடுத்தார். கார்கீவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1864ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

கடற்கரையே ஆய்வுக்கூடம்

பட்டம் பெற்றபின் மெச்னிகோவ் ஜெர்மனிக்குச் சென்றார். பின்னர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் தங்கி ஆராய்ந்தார். கடற்பஞ்சு, நட்சத்திர மீன், புழுவினங்கள் ஆகியவை முட்டையிலிருந்து எவ்வாறு வளர்ந்து உருப்பெறுகின்றன என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். அலெக்சாந்தர் கொவலெவ்ஸ்கி என்னும் அறிஞர் அவருக்கு உற்ற தோழராக வாய்த்தார். இருவரும் கருவளர்ச்சி ஆய்வுக்கான உயரிய பரிசொன்றை 1867ஆம் ஆண்டில் பகிர்ந்து பெற்றனர். 1870ஆம் ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில், கருங்கடல் துறைமுக நகரமாகிய ஒடெசாவின் பல்கலைக்கழகத்தில் மெச்னிகோவ் விலங்கியல் பேராசிரியரானார்.

இளமையிலேயே அவர் கவனத்தை ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. மனிதருக்கு உணவைச் செரிக்க இரைப்பையும் குடலும் உள்ளன. சில எளிய உயிர்களிலோ செல்களே உணவுத் துகளைச் சூழ்ந்துகொண்டு, தம்முள் இழுத்துச் செரித்துவிடுகின்றன. தட்டைப்புழு ஒன்றில் இச்செயலை அவர் 1865ஆம் ஆண்டில் கண்டார். அப்போது அதற்கும் நோய்க்கும் தொடர்புண்டு என அவர் நினைக்கவில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்தே அத்தொடர்பு அவருக்குப் புலப்பட்டது.

வீட்டில் நுழைந்த நோய்

இவ்வாண்டுகளில் அவருடைய குடும்ப வாழ்வு துயரம் நிறைந்ததாக இருந்தது. 1869ஆம் ஆண்டில் அவர் லுட்மிலா என்னும் பெண்ணை மணந்தார். மணமகளுக்கு முன்னரே காசநோய் இருந்தது. நடக்கவும் வலுவில்லாத அவரை நாற்காலியில் அமர்த்தித் திருமணத்திற்குத் தூக்கிச் சென்றனர். மனைவியைக் காப்பாற்றும் பொருட்டு, வெப்பமான காற்றும் கடலும் உள்ள ஊர்களுக்கெல்லாம் மெச்னிகோவ் அழைத்துச் சென்றார். செலவுக்காக இரவும் பகலும் உழைத்தார். ஆயினும் 1873ஆம் ஆண்டு மதேரா தீவில் லுட்மிலா உயிர் துறந்தார். காசநோய்க் கிருமி எது என்பதை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே ஆகும்.

மெச்னிகோவ் மனம் உடைந்தார். அவருடைய கண்களும் நலிவுற்றிருந்தமையால் சில காலம் நுண்ணோக்கியைத் தொட முடியவில்லை. மெல்ல மெல்ல அவர் துயரிலிருந்து மீண்டார். 1875ஆம் ஆண்டில் ஒல்கா என்பவரை மணந்தார். ஒல்கா வாழ்நாள் முழுவதும் அவருடைய ஆய்வுகளுக்குத் துணையாக நின்றார். பிற்காலத்தில் அவருடைய வரலாற்றை எழுதியவரும் அவரே.

ரஷ்யப் பேரரசர் 1881ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். அதன்பின் பல்கலைக்கழகங்களில் அரசியல் குழப்பம் மிகுந்தது. அமைதியாக ஆராய இயலாத நிலையில், 1882ஆம் ஆண்டில் மெச்னிகோவ் பேராசிரியர் பதவியைத் துறந்தார். மனைவியுடனும் மனைவியின் தம்பி தங்கையருடனும் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்று தங்கினார். கடலை நோக்கிய வீட்டின் ஓர் அறையே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று.

ஒரு முள் சொன்ன செய்தி

1882ஆம் ஆண்டின் இறுதி. ஒருநாள் குடும்பத்தினர் அனைவரும் பழக்கப்பட்ட குரங்குகளின் வித்தையைக் காண வட்டரங்கிற்குச் சென்றிருந்தனர். மெச்னிகோவ் மட்டும் தனியே அமர்ந்து நுண்ணோக்கியில் நட்சத்திர மீனின் இளவுயிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வுயிரியின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே நிகழ்வன யாவும் வெளியே தெரியும். அதன் உடலுக்குள் சில செல்கள் அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன.

அப்போது அவருக்குப் புதிய எண்ணம் ஒன்று தோன்றியது. உணவை விழுங்கும் இச்செல்கள், உடலுக்குள் நுழையும் பகைவரையும் விழுங்கக்கூடும் அல்லவா? அவ்வாறாயின், இவை உடலைக் காக்கும் படைவீரர்கள் அல்லவா? எண்ணத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அதனைச் சோதிக்க ஒரு வழியையும் கண்டார். இளவுயிரியின் உடலில் ஒரு முள்ளைச் செருகினால், அதற்கு இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இல்லாவிடினும், செல்கள் முள்ளைச் சூழ்ந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்திலிருந்த ரோசாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்துவந்தார். தண்ணீர் போலத் தெளிந்த அவ்விளவுயிரிகளின் தோலுக்கடியில் அவற்றைச் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் விரைந்து சென்று நுண்ணோக்கியை நோக்கினார். ஊர்ந்து திரிந்த செல்கள் முள்ளைச் சுற்றித் திரண்டு நின்றன. மனிதரின் விரலில் சிராய் ஏறினால் அதனைச் சுற்றிச் சீழ் திரள்வதும் இதே செயல்தான் என்பதை அவர் உணர்ந்தார்.

வெள்ளையணுக்கள் என்னும் செல்கள் இரத்தத்தில் இருப்பதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். சீழிலுள்ள வெள்ளையணுக்களுக்குள் நோய்க்கிருமிகள் இருப்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். ஆனால் வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்றே பலர் எண்ணினர். மெச்னிகோவ் அதே காட்சியை வேறு பொருளில் கண்டார். கிருமிகள் அங்கே பயணம் செய்யவில்லை. சிறைப்பட்டுச் செரிக்கப்படுகின்றன என்பதே அவர் முடிவு.

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ப் விர்ச்சோ 1883ஆம் ஆண்டில் மெசினாவுக்கு வந்தபோது மெச்னிகோவின் ஆய்வைக் கண்டு பாராட்டினார். மருத்துவ உலகம் நேர்மாறான கருத்தை உடையதாதலால் எச்சரிக்கையுடன் நடக்குமாறும் அறிவுறுத்தினார். வியன்னா நகரின் விலங்கியல் அறிஞர் கிளாஸ், இச்செல்களுக்குக் கிரேக்க மொழியிலிருந்து ஃபாகோசைட் என்னும் பெயரைப் பரிந்துரைத்தார். உண்ணும் செல் என்பது அதன் பொருள். தமிழில் இவற்றை விழுங்கு செல்கள் என்கிறோம்.

நீர்த்தெள்ளின் போர்க்களம்

முள் உயிரற்றது. உயிருள்ள நோய்க்கிருமியையும் செல்கள் வெல்லுமா என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இதற்காக மெச்னிகோவ் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரைத் தேர்ந்தார். குளத்து நீரில் வாழும் இதன் உடலும் உள்ளே நிகழ்வதைக் காட்டும் தன்மையது. ஒருவகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகளை நீர்த்தெள்ளு உணவோடு விழுங்கிவிடுகிறது. வித்துகள் குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் புகுகின்றன. உடனே செல்கள் அவற்றை மொய்த்துக்கொள்கின்றன. செல்கள் வித்துகளைச் செரித்து அழித்தால் நீர்த்தெள்ளு பிழைக்கிறது. செல்களின் பிடிக்குத் தப்பி வித்துகள் முளைத்துப் பெருகினால் நீர்த்தெள்ளு மடிகிறது.

1884ஆம் ஆண்டில் இவ்வாய்வை அவர் வெளியிட்டார். நோய் என்பது கிருமிக்கும் உடலின் செல்களுக்கும் இடையே நிகழும் போர் என்பதை அது தெளிவாகக் காட்டியது. ஒரே குளத்தில், ஒரே பூஞ்சைக்கு ஆளான உயிர்களுள் சில பிழைப்பதும் சில இறப்பதும் ஏன் என்னும் வினாவுக்கும் அதில் விடை இருந்தது.

பாரிஸ் நகரில் புகலிடம்

லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி அளித்து வெற்றி கண்டார். அடுத்த ஆண்டே ஒடெசாவில் நுண்ணுயிரியல் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மெச்னிகோவ் அதன் தலைவரானார். ஆனால் அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர் என்று உள்ளூர் மருத்துவர்கள் குறை கூறினர். ஆய்வுக்கு ஏற்ற சூழல் அங்கு அமையவில்லை. 1888ஆம் ஆண்டில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அப்போது பாரிஸில் புதிதாக உருவாகிவந்த தம் நிறுவனத்தில் பாஸ்டர் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் அளித்தார். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள், தம் இறுதிநாள் வரை, மெச்னிகோவ் அந்நிறுவனத்திலேயே உழைத்தார்.

பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அவரை நாடி வந்தனர். ஒடெசாவில் அவரிடம் பயின்ற வால்டிமர் ஹாஃப்கின் அவர்களுள் ஒருவர். அவருக்குப் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் ஒரு சிறு பணி கிடைக்க மெச்னிகோவ் உதவினார். நூலகப் பணி போக எஞ்சிய நேரத்தில் ஆராய்ந்த ஹாஃப்கின், 1892ஆம் ஆண்டில் காலரா தடுப்பூசியை உருவாக்கி, முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1893ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு வந்து கொல்கத்தாவில் காலரா தடுப்பூசி போட்டார். 1896ஆம் ஆண்டில் மும்பையில் பிளேக் நோய் பரவியபோது அங்கே சென்று அதற்கும் தடுப்பூசி கண்டார். மும்பையின் பரேல் பகுதியிலுள்ள ஹாஃப்கின் நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செல்லா? நீர்மமா?

மெச்னிகோவின் கொள்கை எளிதில் ஏற்கப்படவில்லை. 1890ஆம் ஆண்டில் ஜெர்மனியில் எமில் பெரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். நோய்நச்சை எதிர்க்கும் ஆற்றல் பெற்ற விலங்கின் இரத்தத்திலிருந்து செல்களை நீக்கிவிட்டு, எஞ்சும் தெளிந்த நீர்மத்தை மட்டும் வேறொரு விலங்கின் உடலில் செலுத்தினர். அவ்விலங்கும் அந்நச்சிலிருந்து காப்பாற்றப்பட்டது. இந்நீர்மம் சீரம் எனப்படும். அதிலுள்ள காக்கும் பொருள் பின்னர் எதிர்ப்பொருள் எனப் பெயர் பெற்றது.

உடலைக் காப்பது செல்லா, நீர்மமா என்று அறிஞர் உலகம் இரண்டு அணிகளாகப் பிரிந்தது. நீர்மமே காக்கிறது என்றால் மெச்னிகோவின் விழுங்கு செல்களுக்கு வேலை இல்லை. போரில் இறந்த கிருமிகளைத் துப்புரவு செய்யும் தொழிலாளர்களே அவை என்று எதிரணியினர் கூறினர். ஜெர்மானியர் பெரும்பாலும் நீர்மத்தின் பக்கம் நின்றனர். பாரிஸில் இருந்தோர் செல்லின் பக்கம் நின்றனர். மாநாடுகளில் மெச்னிகோவ் முகம் சிவக்க வாதாடினார். எதிரணியின் ஒவ்வொரு சோதனைக்கும் மறுசோதனை செய்து விடையளித்தார். இப்போராட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது.

வியப்பு என்னவென்றால், நீர்மத்தின் ஆற்றலுக்கு வலுவான சான்று ஒன்று மெச்னிகோவின் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. அவரிடம் பணியாற்றிய பெல்ஜியத்து இளைஞர் ஜூல் போர்தே, கிருமிகளைச் சிதைக்கும் பொருள்கள் சீரத்தில் உள்ளமையை 1895ஆம் ஆண்டில் விளக்கினார். தம் கொள்கைக்கு மாறான முடிவு என்பதற்காக ஆசிரியர் மாணவரைத் தடுக்கவில்லை. அவ்வாய்வு பாஸ்டர் நிறுவனத்தின் இதழிலேயே வெளியாயிற்று. போர்தே பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றார்.

1903ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆம்ரோத் ரைட் இரண்டு அணிகளுக்கும் இடையே பாலம் ஒன்றை அமைத்தார். சீரத்திலுள்ள சில பொருள்கள் கிருமியின் மேல் படிந்துகொள்கின்றன. அவ்வாறு படிந்த கிருமிகளையே வெள்ளையணுக்கள் விரும்பி விழுங்குகின்றன. சமைத்துப் பரிமாறுவது நீர்மம். உண்பது செல் என இதனை விளங்கிக்கொள்ளலாம். இரண்டு அணியினர் கண்டதும் உண்மையே. ஆனால் ஒவ்வொருவரும் கண்டது உண்மையின் ஒரு பாதி.

1908ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் செல்களுக்காக வாதாடிய மெச்னிகோவ். மற்றவர் நீர்மத்தின் எதிர்ப்பொருளை விளக்கிய ஜெர்மானியர் பால் ஏர்லிக். எதிரெதிர் அணியினர் இருவர் ஒரே பரிசைப் பெற்றனர்.

ஐவகைக் காவலர்

பால் ஏர்லிக் இளமையில் சாயங்களைக் கொண்டு ஆராய்ந்தவர். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றினால், ஒன்றுபோல் தோன்றிய வெள்ளையணுக்கள் வெவ்வேறு நிறம் காட்டின. வெள்ளையணுக்கள் பல வகையின என்பது இதனால் தெளிவாயிற்று. நலமுள்ள பெரியவர் ஒருவரின் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உள்ளன. அவை ஐந்து வகைப்படும்.

முதல் வகை நியூட்ரோஃபில். வெள்ளையணுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை இவையே. காயம் பட்ட இடத்திற்கு முதலில் ஓடிவருபவை இவை. கிருமிகளை விழுங்கிக் கொன்று தாமும் மடிகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் இவ்வாறு மடிந்த வீரர்களின் குவியலே. மெச்னிகோவ் இவற்றைச் சிறுவிழுங்கிகள் என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தார்.

இரண்டாம் வகை மோனோசைட். வெள்ளையணுக்களுள் உருவில் பெரியவை இவை. இரத்தக் குழாயிலிருந்து வெளியேறித் திசுக்களுக்குள் புகுந்ததும் இவை பெருவிழுங்கிகளாக மாறுகின்றன. கிருமிகளையும், இறந்த செல்களையும் விழுங்குகின்றன. விழுங்கிய பகைவனின் துணுக்கைப் பிற செல்களுக்குக் காட்டி எச்சரிக்கவும் செய்கின்றன. பெருவிழுங்கி என்னும் பொருளுடைய மேக்ரோஃபேஜ் என்ற பெயரும் மெச்னிகோவ் இட்டதே.

மூன்றாம் வகை ஈசினோஃபில். ஈசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஏற்பதால் ஏர்லிக் இப்பெயரிட்டார். குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை இவை தாக்குகின்றன. ஒவ்வாமை உள்ளோரின் இரத்தத்திலும் இவற்றின் எண்ணிக்கை கூடுவதுண்டு.

நான்காம் வகை பேசோஃபில். இவை மிகச் சிலவே. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிட்டு, இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. அழற்சியும் ஒவ்வாமையும் தோன்றுவதில் இவற்றுக்குப் பங்குண்டு.

ஐந்தாம் வகை லிம்ஃபோசைட். மெச்னிகோவும் ஏர்லிக்கும் வாழ்ந்த காலத்தில் இவற்றின் பணி எவருக்கும் விளங்கவில்லை. 1960களில்தான் அது தெளிவாயிற்று. இவற்றுள் பி செல்கள் எதிர்ப்பொருளை உருவாக்குகின்றன. டி செல்களுள் சில, வைரஸ் புகுந்த செல்களை அழிக்கின்றன. வேறு சில மற்றச் செல்களுக்கு ஆணையிட்டு ஊக்குவிக்கின்றன. ஒருமுறை கண்ட பகைவனை நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பவையும் இவற்றுள் உண்டு. தடுப்பூசி பயன் தருவது இந்நினைவாற்றலால்தான்.

நீர்மத்தில் கலந்திருந்த எதிர்ப்பொருளைக் காட்டியே எதிரணியினர் மெச்னிகோவை மறுத்தனர். அந்த எதிர்ப்பொருளும் வெள்ளையணு ஒன்றின் படைப்பே எனப் பிற்கால அறிவியல் கண்டது. இச்செய்தியை அறிய மெச்னிகோவும் ஏர்லிக்கும் உயிரோடில்லை.

தயிரும் முதுமையும்

இறுதிக் காலத்தில் மெச்னிகோவ் முதுமையைப் பற்றி ஆராய்ந்தார். பெருங்குடலில் வாழும் சில கிருமிகளின் நச்சே மனிதரை விரைவில் முதுமையடையச் செய்கிறது என்று கருதினார். பல்கேரிய நாட்டு உழவர்கள் புளித்த பாலை மிகுதியாக உண்பதையும், அவர்களுள் பலர் நெடுநாள் வாழ்வதாகக் கூறப்படுவதையும் கேள்வியுற்றார். பாலைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியா குடலுக்கு நன்மை செய்யும் என நம்பி, தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார். அவரால் ஐரோப்பிய நகரங்களில் தயிர் புகழ்பெற்றது. அதனால் வாழ்நாள் நீளும் என்னும் கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடல்நலத்தோடு தொடர்புடையவை என்னும் அவர் எண்ணம் இன்று உலகெங்கும் ஆராயப்படுகிறது.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. ஆய்வுக்கூடத்து இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றனர். உயிர்களைக் காக்கும் வழிகளை ஆராய்ந்த கூடம் வெறிச்சோடியதைக் கண்டு முதியவர் கலங்கினார். இதயநோய் அவரை வருத்தியது. தம் நோயின் குறிகளையும் ஆய்வாளர் கண்கொண்டே அவர் கவனித்துவந்தார். 1916ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், தம் எழுபத்தொன்றாம் வயதில், பாரிஸில் காலமானார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைச் சோதித்து மருத்துவமனைகள் தரும் தாளில், ஐவகை வெள்ளையணுக்களின் பெயர்களும் அளவுகளும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றின் கூடுதல் குறைவுகளை வைத்து மருத்துவர் நோயை ஊகிக்கிறார். அந்தத் தாளின் பெயர்களுள் சில ஏர்லிக் இட்டவை. அவற்றுக்கு உரியவை நம்மைக் காக்கும் செல்கள் என்னும் அறிவோ, மெசினாக் கடற்கரையில் ஒரு ரோசா முள்ளைக் கொண்டு மெச்னிகோவ் தொடங்கிவைத்தது.

அருஞ்சொற்பொருள்

நுண்ணோக்கி – கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
இளவுயிரி – முட்டையிலிருந்து வெளிவந்து, முழு உருவம் பெறாத நிலையில் உள்ள உயிர்
சிராய் – மரத்தின் சிறு கூரிய துணுக்கு
திசு – ஒரே வகைச் செல்களின் தொகுதி
அழற்சி – உடலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலித்தல்
ஒட்டுண்ணி – பிற உயிரின் உடலில் தங்கி அதனால் வாழும் உயிர்
பரிந்துரைத்தார் – ஏற்குமாறு எடுத்துக் கூறினார்
அஸ்தி – எரித்தபின் எஞ்சும் சாம்பல்

பயிற்சி

அ. சரியா, தவறா என எழுதுக.
1. மெச்னிகோவ் மருத்துவப் பட்டம் பெற்றவர்.
2. நட்சத்திர மீனின் இளவுயிரி ஒளி ஊடுருவும் உடலை உடையது.
3. எதிர்ப்பொருளை உருவாக்குபவை பி செல்கள்.
4. பேசோஃபில்கள் வெள்ளையணுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை.

ஆ. பொருத்துக.
1. நியூட்ரோஃபில் – அ. குடற்புழுவைத் தாக்குதல்
2. ஈசினோஃபில் – ஆ. பகைவனை நினைவில் வைத்தல்
3. மோனோசைட் – இ. காயத்திற்கு முதலில் விரைதல்
4. லிம்ஃபோசைட் – ஈ. பெருவிழுங்கியாக மாறுதல்

இ. பிரித்து எழுதுக.
1. வெள்ளையணு 2. இவ்வுயிர் 3. எதிர்ப்பொருள் 4. கடற்கரை

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இளவுயிரியின் உடலில் மெச்னிகோவ் ஏன் முள்ளைச் செருகினார்?
2. வெள்ளையணுக்களுக்குள் கிருமிகளைக் கண்ட மருத்துவர்கள் என்ன எண்ணினர்? மெச்னிகோவ் என்ன எண்ணினார்?
3. ஹாஃப்கின் இந்தியாவில் ஆற்றிய பணி யாது?

உ. விரிவான விடை எழுதுக.
1. செல், நீர்மம் என்னும் இரண்டு அணியினர் கண்டதும் பாதி உண்மையே என்பதைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. தம் கொள்கைக்கு மாறான முடிவைக் கண்ட மாணவரிடம் மெச்னிகோவ் நடந்துகொண்ட முறை பற்றி உம் கருத்தை எழுதுக.

ஊ. செயல்திட்டம்
ஐவகை வெள்ளையணுக்களின் படங்களை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் அதன் பணியைத் தமிழில் ஒரு தொடராக எழுதுக. எழுதியதை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டி விளக்குக.